விதையின் பிறப்புச் சான்று: கிள்ளான் பள்ளத்தாக்கில் விதைக்கும் புல்லுக்கும் தரச் சான்றளிக்கும் முறைகள்

கண்ணால் பார்த்துத் தரம் அறிய முடியாத பொருள்களில் விதைக்கே முதலிடம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ அரிசி வாங்குபவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, மோந்து, பல்லில் கடித்துக்கூடத் தீர்மானிக்கலாம். விதை வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. செம்பனைக் கன்று தடித்த ஓட்டுக் காயைத் தருமா, மெல்லிய ஓட்டுக் காயைத் தருமா என்பது நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்து முதல் குலை பழுக்கும்போதுதான் புலப்படும். நெல் விதை மூட்டையில் களைநெல் கலந்திருந்ததா என்பது கதிர் வெளிவந்த பிறகே தெரியும். விளையாட்டுத் திடலில் பதித்த புல் முழுவதும் ஒரே இனம்தானா என்பது பல மாதங்கள் சென்று, பச்சைக்கு நடுவே வேறு நிறத் திட்டுகள் தோன்றும்போது வெளிப்படும். விற்பவர் அறிந்ததற்கும் வாங்குபவர் அறியக்கூடியதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் குறைப்பதற்காக உருவானதே விதைத் தரச் சான்றளிப்பு.

கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் ஒட்டி இந்த ஏற்பாடு செம்பனை, நெல், புல்தரை ஆகிய மூன்றிலும் மூன்று விதமாக வளர்ந்திருக்கிறது. செம்பனையில் தேசியத் தரநிர்ணயமும் உரிமமும், நெல்லில் அரசுத் துறையின் வயலாய்வும், புல்லில் இனத்தை உருவாக்கியவரின் உரிமமும் கொள்முதல் ஒப்பந்தமும் அந்தப் பணியைச் செய்கின்றன. விதை உருவாகும் முன்பே வயலில் இறங்கிப் பார்க்கும் கண்களும், விற்ற பின் பிழைக்குப் பொறுப்பேற்கும் ஒரு கையும் இருந்தால் மட்டுமே சான்றிதழ் விவசாயிக்குப் பயன்படுகிறது என்பதையும், இவ்விரண்டில் பின்னது சிறு தோட்டக்காரரை இன்னும் சரிவர எட்டவில்லை என்பதையும் இம்மூன்றின் ஒப்பீடு காட்டுகிறது.

சான்று எதைச் சொல்கிறது

விதைத் தரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல அளவைகள் அடங்கியுள்ளன. விதை தன் பெயருக்குரிய இரகத்தையே சேர்ந்தது என்பது இனத்தூய்மை. மண், பதர், பிற பயிர் விதை, களை விதை கலவாமை புறத்தூய்மை. நூறு விதை இட்டால் எத்தனை இயல்பான நாற்றாகும் என்பது முளைப்புத் திறன். இவற்றோடு ஈரப்பதமும் நோயின்மையும் சேரும். புறத்தூய்மையையும் முளைப்பையும் ஆய்வகத்தில் சில நாள்களில் சோதித்துவிடலாம். இனத்தூய்மையை மட்டும், மரபணுச் சோதனை வரும்வரை, தாய்ச்செடி நின்ற வயலில்தான் காண முடிந்தது. சான்றளிப்பின் உயிர்நாடி வயலாய்வு என்பதற்குக் காரணம் இதுவே.

1869இல் செருமனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள தாரண்ட் என்னும் ஊரில் பிரீட்ரிக் நோபே உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். தீவன விதையில் நிறமேற்றிய கற்பொடியைக் கலந்து விற்பதும், புல் விதை என்ற பெயரில் வேறு விதைகளைத் தள்ளிவிடுவதும் அன்று சந்தையில் மலிந்திருந்தன. 1919இல் வட அமெரிக்காவில் பயிர் மேம்பாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி, விதையின் தலைமுறைக் கணக்கைக் காக்கும் முறையை வகுத்தன. 1924இல் பன்னாட்டு விதைப் பரிசோதனைக் கழகம் தோன்றி, ஒரு நாட்டின் சோதனை முடிவை இன்னொரு நாடு ஏற்கத்தக்க பொது விதிமுறைகளை ஏற்படுத்தியது.

தலைமுறைக் கணக்கு என்பது என்ன என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையைக் கொண்டு எளிதில் விளக்கலாம். இரகத்தை உருவாக்கிய விஞ்ஞானியின் நேரடிப் பொறுப்பில் விளைவது வல்லுநர் விதை. அதற்கு மஞ்சள் அட்டை. அதிலிருந்து பெருக்கப்படும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதையும் பெருக்கி விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு நீல அட்டை. நெல்லின் சான்று விதைக்கு 80 விழுக்காடு முளைப்பும் 98 விழுக்காடு புறத்தூய்மையும் வேண்டும். விதை வயலுக்கும் அடுத்த நெல் வயலுக்கும் இடையே 3 மீட்டர் பயிர் விலகு தூரம் விடப்பட வேண்டும். வயலில் கலவன் செடிகள் 0.20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த வயலின் விளைச்சல் விதையாகும் தகுதியை இழந்து வெறும் நெல்லாகிவிடும். பூக்கும் பருவத்தில் விதை ஆய்வாளர் வரப்பிலிருந்து இறங்கி, பயிருக்குள் நடந்து, உயரம் மாறிய செடி, இலையுறையின் நிறம் மாறிய செடி, முந்திக் கதிர்விட்ட செடி ஆகியவற்றைத் தேடி எண்ணுவதே அந்த நீல அட்டையின் உண்மையான பெறுமானம்.

பால்மரம் கற்பித்த முதற்பாடம்

சிலாங்கூர் மண்ணில் நடவுப் பொருளின் தரம் பற்றிய அக்கறை பால்மரத்தோடு தொடங்கிற்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற சுமார் 70,000 ரப்பர் விதைகளில் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மிகச் சிலவே. உலர்ந்தால் சில வாரங்களிலேயே உயிர் இழக்கும் விதை அது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளின் வழித்தோன்றல்களே தீபகற்பத்தின் பெருந்தோட்டங்களுக்கு ஆதாரமாயின. காடு அழித்து அவற்றை நட்டுப் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரே நிரையில் நின்ற மரங்களில் ஒன்று கோப்பை நிறையப் பால் தருவதும் அடுத்தது அடி நனையக்கூடத் தராததும் அன்றாடக் காட்சி.

தேறாத விதையின் விலையை அந்தக் காட்சியே உணர்த்தியது. 1921இல் உருவான பிராங் பெசார் தோட்டம் சிறந்த தாய்மரங்களைத் தேர்ந்து ஒட்டுக்கட்டியதோடு, பிற மரங்களின் மகரந்தம் எட்டாதபடி ஒதுக்குப்புறமாக அமைத்த விதைத் தோட்டங்களிலிருந்து விதை விற்றது. பயிர் விலகு தூரம் என்ற கொள்கை இந்நாட்டில் பெரிய அளவில் கையாளப்பட்ட தொடக்க இடங்களில் அதுவும் ஒன்று. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆய்வுக்கழகம் சுங்கை பூலோ ஆய்வுத் தோட்டத்தை மையமாகக் கொண்டு வெளியிட்ட இரகங்களுள் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600இன் பெற்றோரில் ஒன்று பிராங் பெசாரின் பி.பி. 86. பிராங் பெசார் தோட்டம் நின்ற நிலத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. நல்ல நடவுப் பொருளுக்குப் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் வேண்டும் என்ற வழக்கத்தைத் தோட்டத்துறை அங்கிருந்தே செம்பனைக்குக் கொண்டுசென்றது.

செம்பனை: ஓட்டின் தடிமனில் ஒரு தலைமுறை

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஆன்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. அன்று நட்டவை தூரா எனப்படும் தடித்த ஓட்டு இரகம். 1941இல் காங்கோவில் பெர்னார்ட், வாண்டர்வெய்யன் என்னும் இரு ஆய்வாளர்கள் காய் ஓட்டின் தடிமனை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று நிறுவினர். தடித்த ஓட்டுத் தூராவையும், ஓடே இல்லாத, பெரும்பாலும் பெண்மலட்டுத் தன்மை கொண்ட பிசிபெராவையும் சேர்த்தால் பிறக்கும் கன்றுகள் யாவும் மெல்லிய ஓட்டுத் தெனெரா ஆகும். தூராவைவிடத் தெனெரா ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். செம்பனை விதைத் தொழில் முழுவதும் இந்த ஒரு சேர்க்கையின் மேல் கட்டப்பட்டது.

சொல்வதற்கு எளிதான இந்தச் சேர்க்கை செய்வதற்குக் கடினமானது. தாய்மரத்தின் பெண் பூங்குலை விரியும் முன்பே பணியாளர் மரமேறி, அதன் பாளையை வெட்டி நீக்கி, காற்றும் பூச்சியும் புகாத உறையால் மூடி, அடியை இறுகக் கட்டுகிறார். பூ பக்குவப்பட்ட நாளில் உறையில் சிறு துளையிட்டு, பிசிபெரா மகரந்தப் பொடியை உள்ளே ஊதி, துளையை உடனே அடைக்கிறார். குலை முதிர ஐந்தாறு மாதங்கள் ஆகும். எந்த மரம், எந்த நாள், எந்த மகரந்தம், எவர் கை என்பவை ஏட்டில் ஏற வேண்டும். 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மகரந்தக் கூன்வண்டு, அதுவரை தோட்டத் தொழிலாளர் பொடியைக் கையால் தூவிச் செய்த வேலையைத் தானே செய்து காய்ப்பைப் பெருக்கியது. அதே வண்டு, விதைத் தோட்டத்தில் உறையின் சிறு இடுக்கு வழியே வேற்று மகரந்தத்தைச் சுமந்து நுழையக்கூடிய பகையும் ஆயிற்று. கட்டின் இறுக்கம் ஒரு கையில் தளர்ந்தால், அதன் விளைவு கன்று வாங்கியவர் நிலத்தில் இருபத்தைந்து ஆண்டு நிற்கும்.

இதனாலேயே செம்பனை விதைக்கு எம்.எஸ். 157 என்ற மலேசியத் தரநிர்ணயம் வகுக்கப்பட்டு, காலந்தோறும் திருத்தப்பட்டு வருகிறது. தாய்மரமும் தந்தைமரமும் எத்தகைய தேர்வில் தேற வேண்டும், சேர்க்கை எப்படிக் கட்டுப்படுத்தப்பட வேண்டும், பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பவற்றை அது வரையறுக்கிறது. ஷா ஆலாமிலுள்ள சிரிம் நிறுவனம் அதன்படி சான்றளிக்கிறது. 2000இல் உருவான மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதை உற்பத்தியாளருக்கும் நாற்றங்காலுக்கும் உரிமம் வழங்குவதோடு, நாற்றங்கால் நன்னடைமுறை விதித்தொகுப்பையும் நடத்துகிறது.

2013இல் அந்த வாரியத்தின் ஆய்வுக் குழு ஓட்டு மரபணுவை அடையாளம் கண்டு, 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ரஜீந்தர் சிங் முதலிய மலேசிய அறிவியலாளர்கள் முன்னின்ற அந்தக் கண்டுபிடிப்பால், இலைத் துணுக்கைச் சோதித்து நாற்றங்காலிலேயே தூராக் கன்றைப் பிரித்தெடுப்பது இயலும் செயலாயிற்று. பின்னர் மலேசியாவின் தனித்த தோட்டக்காரர்களின் நடவுப் பொருளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, தெனெரா அல்லாத கன்றுகளின் கலப்பு சராசரியாக 10.9 விழுக்காடு என்று கண்டது. நூறு கன்றுக்குப் பதினொன்று என்ற அந்தக் கணக்கு, தரநிர்ணயமும் உரிமமும் இருந்த காலத்திலேயே கடைசி வாங்குபவருக்கு நேர்ந்த இழப்பு. சான்றில்லாத வழியில் இழப்பு இன்னும் பெரிது: தெனெரா மரத்தடியில் தானாக முளைத்த கன்றைப் பிடுங்கி நட்டால், சுற்றிலும் தெனெரா மரங்களே நின்றாலும், மரபு விகிதப்படி பாதிக் கன்றே தெனெராவாகும், கால் பங்கு தூராவும் கால் பங்கு பயன் குன்றிய பிசிபெராவும் ஆகிவிடும்.

நெல்: பொன்னியின் தாயும் காற்று நெல்லும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழர் விரும்பி வாங்கும் பொன்னி அரிசிக்குள்ளேயே மலாயா விதை ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒடிசாவின் கட்டாக் நகரில் நடந்த உணவு வேளாண்மை அமைப்பின் கலப்பினத் திட்டத்தில், தாய்சுங் 65 என்ற கிழக்காசிய நெல்லையும் மாயாங் எபோஸ் 80 என்ற மலாயா நெல்லையும் சேர்த்துப் பிறந்த வழியிலிருந்து, 1965இல் மலாயாவில் மசூரி வெளியிடப்பட்டது. அதுவே தமிழகம் சென்று காவிரியின் பெயர் பூண்டு பொன்னியாயிற்று. 1986இல் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி வெளிவந்தது. கடல் கடந்தும் பெயர் மாறியும் ஓர் இரகம் தன் பரம்பரையை இழக்காதிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் எவரோ அதன் பெற்றோரை ஏட்டில் எழுதி, கலவனைப் பிடுங்கி வந்ததே.

மலேசியாவில் 1969இல் தோன்றிச் செர்டாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மார்டி ஆய்வு நிறுவனம் நெல் இரகங்களை உருவாக்கி முதல் தலைமுறை விதையைத் தருகிறது. அது அடிப்படை விதை, பதிவு விதை எனப் பெருகி, விவசாயத் துறையின் நெல் விதை உறுதிப்படுத்தும் திட்டத்தின்கீழ் வயலாய்வும் ஆய்வகச் சோதனையும் கடந்து, 'பெனிஹ் சாஹ்' எனப்படும் சான்று விதையாக மூட்டையில் வருகிறது.

இந்தத் திட்டத்தின் தேவையைச் சிலாங்கூரைவிட நன்கறிந்த மாநிலம் இல்லை. கிள்ளானுக்கு வடக்கே கடலோரத்தில் விரியும் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வெளியில்தான் 1980களின் இறுதியில் நாட்டிலேயே முதன்முதலாகக் களைநெல் கண்டறியப்பட்டது. சிறு காற்றடித்தாலும் மணி உதிர்ந்துவிடுவதால் மலாய் விவசாயிகள் அதற்கு 'பாடி ஆங்கின்', அதாவது காற்று நெல், என்று பெயரிட்டனர். நாற்று நடுவது குறைந்து நேரடி விதைப்பு பரவிய காலம் அது. நிரை பிடித்து நட்ட வயலில் வேற்றுச் செடியைக் கண்டு பிடுங்கலாம், தூவி விதைத்த வயலில் பயிரும் களையும் ஒன்றாகவே எழுகின்றன. ஒரே இனமாதலால் சாதாரணக் களைக்கொல்லி இரண்டையும் பிரித்தறியாது. 2010இல் மார்டி, களைக்கொல்லியைத் தாங்கும் எம்.ஆர். 220 சி.எல். இரகங்களை வெளியிட்டது, நாளடைவில் களைநெல்லும் அதே தாங்குதிறனைப் பெறத் தொடங்கியது. விதையோடு வரும் பகையை விதையிலேயே தடுப்பதற்கு ஈடான வழி பின்னர் கிடைப்பதில்லை என்பதே செகிஞ்சான் தந்த அனுபவம். அறுவடை இயந்திரமும் ஒரு வயலின் மணியை அடுத்த வயலுக்குச் சுமப்பதால், சான்று விதை வாங்கியவரின் முயற்சி அண்டை வயலின் கவனக்குறைவால் வீணாகலாம். சான்றளிப்பு தனி மூட்டையோடு நிற்காமல் வட்டாரம் தழுவிய ஒழுங்காக வளர வேண்டியதன் காரணம் இது.

புல்: விதையே இல்லாத பயிருக்குச் சான்று

பிரிக்பீல்ட்ஸ் மாலைக் கடைகளில் பிள்ளையாருக்கென்று விற்கும் அருகம்புல்லும், கோல்ப் திடல்களில் பெர்முடா என்று அழைக்கப்படும் புல்லும் ஒரே இனம். அந்த அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவான நுண்ணிலைப் புல் ஒன்றையும் சேர்த்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிப்டன் நகரில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிப்கிரீன் 1956இலும் டிப்வே 1960இலும் வெளிவந்து உலகத் திடல்களை நிரப்பின. இவை மலட்டுக் கலப்பினங்கள், விதை பிடிப்பதில்லை. தண்டுத் துண்டுகளாலும் வெட்டியெடுத்த புல்தரையாலுமே பெருகுவதால், விதைக்கு வகுத்த சான்றளிப்பைத் தண்டுக்கும் விரிக்க வேண்டியதாயிற்று: தலைமுறைக் கணக்கு அதுவே, வயலாய்வு அதுவே, கலவனைக் களைவதும் அதுவே. டிப்கிரீன் திடல்களில் தானாகத் தோன்றிய குட்டை வடிவம் ஒன்று 1965இல் டிப்டுவார்ப் என்ற புதிய இரகமாகவே வெளியிடப்பட்டது. ஒரு புல் எவ்வளவு எளிதில் தன் வழியிலிருந்து விலகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கலப்பினப் புல் வயலில் புகும் கலவன்களில் முதன்மையானது சாதாரண அருகே என்பதும் இங்கே கருதத்தக்கது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு முற்றங்களிலும் பள்ளித் திடல்களிலும் நீண்ட காலமாகப் பரவியிருப்பது அகன்ற இலை மாட்டுப்புல். அது நிழலையும் மழையையும் பொறுக்கும். பன்னாட்டுக் காற்பந்தாட்டத்தின் மிதியைப் பொறுப்பது அதற்கு அரிது. முன்பு பால்மரத் தோட்டமாக இருந்த புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்திய தேசிய விளையாட்டரங்கில், 2023இல் மாட்டுப்புல் அகற்றப்பட்டு, ஸியோன் ஸோய்சியா என்ற உரிமம் பெற்ற இரகம் பதிக்கப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கின் கோல்ப் திடலில் இடம்பெற்ற புல் அது. இத்தகைய இரகங்களில், உருவாக்கியவரிடம் உரிமம் பெற்ற வளர்ப்பாளர் மட்டுமே பெருக்கி விற்கலாம் என்ற ஒப்பந்தச் சங்கிலி இனத்தூய்மையைப் பெருமளவு காக்கிறது.

ஆனால் உரிமச் சங்கிலி களைக்குக் காவலாகாது. கேழ்வரகின் மூதாதை இனமும் மலாய் மொழியில் சம்பாவ் என்று அழைக்கப்படுவதுமான புல், கிளைபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் வடிவம் எடுத்ததாக உலகில் முதன்முதலில் 1997இல் அறியப்பட்டது மலேசியாவில்தான். புல்தரையோடு ஒட்டிவரும் மண்ணில் அதன் விதை இருந்தால், திடலுக்குள் களை மட்டுமன்றிக் கொல்ல முடியாத களையே குடியேறலாம். இனத்துக்கு உரிமமும் களையின்மைக்கு நடுநிலையான வயலாய்வும் இணைந்தால்தான் புல்லுக்கான சான்று முழுமை பெறும். பெரும்பொருள் செலவாகும் அரங்குக்கு மட்டுமன்றித் தமிழ்ப்பள்ளித் திடலுக்குப் புல் வாங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அது பயன்படும்.

சிறு தோட்டக்காரரின் இடம்

மூன்று துறைகளிலும் கடைசியில் எஞ்சும் கேள்வி, சான்று பொய்த்தால் இழப்பை யார் ஏற்பது என்பது. பெரிய நிறுவனத்துக்குச் சொந்த ஆய்வாளரும் வழக்கறிஞரும் உண்டு. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கியபோது, ஒருங்கிணைந்த கொள்முதலின் வலிமை உழைப்பாளிக்கும் கைகூடும் என்று நிரூபித்தது. அவர் பெயர் தாங்கிய சாலையே இன்று பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை. சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் தனித்த தோட்டக்காரருக்கு அந்த வலிமை இல்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே, குறைபாடுள்ள விதைக்கு நுகர்வோர் மன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ பயனீட்டாளரைச் சொந்த, வீட்டு உபயோகத்துக்கான கொள்முதலை மையமாக வைத்தே வரையறுக்கிறது. 2004ஆம் ஆண்டு புதிய தாவர இரகப் பாதுகாப்புச் சட்டம் சிறு விவசாயி தன் விதையைச் சேமிக்கும் உரிமைக்கு இடம் தருகிறது. விதைத் தரத்துக்கெனப் பொதுச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு வலுக்கும்போதெல்லாம், வழிவழியாக விதை பரிமாறுவோர் குற்றவாளிகளாகக்கூடும் என்ற அச்சமும் எழுகிறது. அந்த அச்சம் மதிக்கத்தக்கது. அதற்கு விடையும் உண்டு. இந்தியச் சட்டத்தில் சான்றளிப்பு விருப்பத்துக்குரியது, அட்டையில் உண்மை எழுதுவதே கட்டாயம். அவ்வாறு வரும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. உணவு வேளாண்மை அமைப்பு 1993இல் வகுத்து 2006இல் திருத்திய தர உறுதிமொழி விதை முறையும், வளர்ப்பவரின் பொறுப்பான அறிவிப்பையும் சிறு அளவு மாதிரிச் சோதனையையும் இணைக்கிறது. கிள்ளான் மளிகைக் கடையில் தொங்கும் கீரை, வெண்டை விதைப் பொட்டலத்துக்கு முழுச் சான்றளிப்பைச் சுமத்த வேண்டியதில்லை. முளைப்பு விழுக்காடும் சோதித்த நாளும் விற்றவர் பெயரும் அதில் இருந்தால், நான்கு தொட்டி வைத்து வளர்ப்பவருக்கும் நீதி கிடைக்கும்.

முடிவாக

செம்பனை காட்டியது பதிவேட்டின் வலிமையையும், பதிவேடு இருந்தும் நாற்றங்கால் வழியில் புகும் கலப்பையும். நெல் காட்டியது வயலாய்வின் அருமையையும் வட்டார ஒழுங்கின் தேவையையும். புல் காட்டியது, தனியார் உரிமம் இனத்தைக் காத்தாலும் களையைத் தடுக்கப் பொது ஆய்வு வேண்டும் என்பதை. இவற்றிலிருந்து செய்யத்தக்கவை மூன்று. தனித்த தோட்டக்காரர் வாங்கும் செம்பனைக் கன்றுகளுக்கு ஓட்டு மரபணுச் சோதனை நாற்றங்காலிலேயே, விற்பவர் செலவில், வழக்கமாக வேண்டும். சான்று அட்டையின் விவரங்கள் மலாயோடு தமிழிலும் சீனத்திலும் வாங்குபவருக்கு விளக்கப்பட வேண்டும். இனம் மாறிய கன்றுக்கும் களை கலந்த மூட்டைக்கும் இழப்பீடு கேட்க, நீதிமன்றம் ஏறாமல் அணுகத்தக்க ஓர் இடம் வேண்டும்.

இந்த நிலத்தில் நாற்று வளர்த்தவர், மகரந்தம் தூவியவர், ஒட்டுக்கட்டியவர், கலவன் பிடுங்கியவர் எனப் பெரும்பணி செய்தோருள் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறையாக இருந்துள்ளனர். அவர்கள் வழிவந்த ஒருவர் இன்று தமக்கென்று ஓரிரு ஏக்கரில் கன்று நடும்போது, மூன்றாம் ஆண்டு முதல் குலையை வெட்டிக் காயைப் பிளந்து ஓட்டின் தடிமனை அச்சத்தோடு பார்க்க வேண்டிய நிலை இல்லாது போகுமானால், சான்றளிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.